ஸ்டென்ட் விலையை நிர்ணயிப்பது யார்? மருந்து விலைக் கொள்கை உருவாகும் விதம் குறித்த விளக்கம்

புதுடெல்லி: இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கப் பொருத்தப்படும் மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட், 2017 பிப்ரவரி 13-ஆம் தேதி வரை இந்திய மருத்துவமனைகளில் சராசரியாக ரூ.1,21,400 விலையில் விற்கப்பட்டு வந்தது. மறுநாள் அதன் உச்சவரம்பு விலை ரூ.29,600. மருந்து பூசப்படாத வெறும் உலோக ஸ்டென்ட்டின் விலை ரூ.45,100-இல் இருந்து ரூ.7,260 ஆகக் குறைந்தது. ஸ்டென்ட்டின் தரமோ, அதைத் தயாரிக்கும் நிறுவனமோ, பொருத்தும் மருத்துவரோ மாறவில்லை. மாறியது, மத்திய அரசிதழில் வெளியான ஓர் ஆணை மட்டுமே.

அந்த ஆணையில் கையொப்பமிட்டது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். ஆயினும், முடிவை எடுத்தது அந்த ஆணையம் மட்டும்தானா என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று. ஒரு மருந்தின் விலையில் அரசு தலையிடுவதற்கு முன்பு சுகாதார அமைச்சகம், ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகம், நிதி ஆயோக் எனப் பல கதவுகளைக் கடந்தாக வேண்டும். சில நேரங்களில் நீதிமன்றமும் தட்டினால்தான் கதவு திறக்கிறது.

இது அலுவலக நடைமுறை பற்றிய செய்தி மட்டுமன்று. 2021-22-ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலுத்துகின்றனர். 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்த இந்த அளவு குறைந்திருப்பது உண்மை. எனினும் அந்தச் செலவில் மருந்துக்கடைக்குச் செல்லும் பங்கு கணிசமானது. காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பமும், மாதந்தோறும் வாங்கும் நீரிழிவு மாத்திரைக்குப் பெரும்பாலும் கைக்காசையே எடுத்து வைக்கிறது.

இரண்டு அமைச்சகங்கள், ஒரு மருந்து

ஒரு மருந்தை இந்தியாவில் விற்பனை செய்ய அனுமதிப்பது, சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. மருந்து பாதுகாப்பானதா, பலன் தரக்கூடியதா என்பதை மட்டுமே அது ஆராயும். விலை அதன் கவலை அன்று. விலையைக் கவனிக்கும் பொறுப்பு, ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தின் ஓர் அங்கமான மருந்துத் துறையிடம் உள்ளது. மருந்துத் தொழில் வளர வேண்டும் என்று பார்த்துக்கொள்வதும் இதே துறைதான். மருந்தைத் தயாரிப்பவரின் நலனையும் வாங்குபவரின் நலனையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் இந்த ஏற்பாடு, பின்னர் எழுந்த பல பூசல்களுக்கு விளக்கம் தருகிறது.

மருந்துத் துறையின் கீழ் 1997 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அமைக்கப்பட்டதே தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். இது நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது அன்று. அரசுத் தீர்மானத்தால் அமைக்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் மத்திய அரசுக்கு அளிக்கும் அதிகாரத்தின் ஒரு பகுதி இந்த ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஒப்படைத்தவர் திரும்பப் பெறவும் முடியும் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஆணையத்தின் விலை ஆணையால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் நிறுவனம் 30 நாள்களுக்குள் மறுஆய்வு கோரலாம். அந்த மனுவை விசாரிப்பதும் மருந்துத் துறையே.

ஆணையத்தில் தலைவரும் உறுப்பினர் செயலரும் தவிர, பொருளாதார விவகாரத் துறை, செலவினத் துறை ஆகியவற்றின் பிரதிநிதிகளும், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரும் பதவிவழி உறுப்பினர்களாக உள்ளனர். நோயாளிகள் சார்பில் தனி இருக்கை கிடையாது.

பட்டியலில் இடம்பெறுவது எப்படி?

விலைக் கட்டுப்பாட்டின் முதல் படி, தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியல். முதன்முதலில் 1996-இல் வெளியிடப்பட்ட இப்பட்டியல், பின்னர் 2003, 2011, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. தற்போது நடைமுறையில் உள்ள 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. அந்தத் திருத்தத்தில் 34 மருந்துகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன, 26 நீக்கப்பட்டன. வயிற்று அமிலத்துக்காக நாடெங்கும் வாங்கப்பட்ட ரானிடிடின் நீக்கப்பட்டவற்றுள் ஒன்று. கிளார்ஜின் இன்சுலின், காசநோய்க்கான பெடாகுயிலின், ரோட்டா வைரஸ் தடுப்பூசி முதலியவை இடம்பெற்றன.

இந்தப் பட்டியலைத் தயாரிப்பது சுகாதார அமைச்சகம் அமைத்த மருந்துகளுக்கான நிலையான தேசியக் குழு. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் நோய்க்கு அம்மருந்து தேவைப்படுகிறதா, உரிமம் பெற்றதா, பாதுகாப்பும் பலனும் நிறுவப்பட்டுள்ளனவா, செலவுக்கு ஏற்ற பயன் தருகிறதா, நடைமுறையில் உள்ள சிகிச்சை நெறிமுறைகளுடன் பொருந்துகிறதா என்பன அக்குழு பார்க்கும் அளவுகோல்கள். 2022-ஆம் ஆண்டுப் பட்டியலுக்காக சுமார் 350 வல்லுநர்களுடன் 140-க்கும் மேற்பட்ட ஆலோசனைக் கூட்டங்கள் நடத்தப்பட்டதாக அரசு தெரிவித்துள்ளது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அத்தியாவசியப் பட்டியலில் ஒரு மருந்து சேர்க்கப்பட்டவுடன் அதன் விலை குறைந்துவிடுவதில்லை. அப்பட்டியலை மருந்துத் துறை தன்னுடைய மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் முதல் அட்டவணையாக அறிவிக்க வேண்டும். 2019 முதல் இவ்விரண்டுக்கும் இடையே மேலும் ஒரு படி உள்ளது. நிதி ஆயோக்கின் சுகாதாரப் பொறுப்பு உறுப்பினர் தலைமையிலான நிலைக்குழு, எந்தெந்த மருந்துகளை விலைக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரலாம் என்று பரிந்துரைக்கிறது. 2022 செப்டம்பரில் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட பட்டியல், அதே ஆண்டு நவம்பரில்தான் அட்டவணையாகியது. அதன் பிறகே ஆணையம் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே விலை கணக்கிடத் தொடங்கியது.

சராசரி என்னும் சூத்திரம்

1995-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை 74 மூல மருந்துகளை மட்டுமே உள்ளடக்கியிருந்தது. தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு, அதன் மேல் குறிப்பிட்ட அளவு சேர்த்து விலை வகுப்பது அன்றைய முறை. 2002-இல் அரசு கொண்டுவந்த மருந்துக் கொள்கை இக்கட்டுப்பாட்டைத் தளர்த்த முனைந்தபோது விவகாரம் நீதிமன்றம் சென்றது. அத்தியாவசிய, உயிர்காக்கும் மருந்துகள் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு அறிவுறுத்தியது. அதற்குப் பின் புதிய கொள்கை உருவாக ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன. 2012 டிசம்பரில் தேசிய மருந்து விலைக் கொள்கையும், 2013 மே 15-ஆம் தேதி புதிய விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் வெளியாயின.

புதிய ஆணை, கட்டுப்பாட்டின் பரப்பை விரித்தது. ஆனால் கணக்கை மாற்றியது. தயாரிப்புச் செலவு என்ன என்று அரசு இனிக் கேட்பதில்லை. சந்தையில் 1 விழுக்காடும் அதற்கு மேலும் பங்கு வைத்துள்ள எல்லா நிறுவனங்களும் சில்லறை வணிகருக்கு என்ன விலைக்கு விற்கின்றன என்று பார்த்து, அவற்றின் எளிய சராசரியை எடுத்து, வணிகரின் லாபமாக 16 விழுக்காடு சேர்க்கிறது. அதுவே உச்சவரம்பு விலை. வரி தனி.

எடுத்துக்காட்டாக, ஒரு மாத்திரையை மூன்று நிறுவனங்கள் ரூ.10, ரூ.14, ரூ.18 என்ற விலைகளில் வணிகருக்கு விற்பதாகக் கொள்வோம். சராசரி ரூ.14. பதினாறு விழுக்காடு சேர்த்தால் ரூ.16.24. அதற்கு மேல் விற்றவர் குறைத்தாக வேண்டும். ஏற்கெனவே குறைவாக விற்றவர் அதே விலையில் தொடர வேண்டும். கணக்கு எளிது, யாரும் சரிபார்க்கலாம், நிறுவனங்களின் கணக்கேடுகளைத் தோண்ட வேண்டியதில்லை. அரசுத் தரப்பின் வாதம் இது. சந்தையில் எல்லோருமே அதிக விலைக்கு விற்றால் சராசரியும் அதிகமாகத்தானே இருக்கும் என்பது மக்கள் நல்வாழ்வு அமைப்புகளின் எதிர்வாதம். இரண்டாவது வாதத்தைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு ஸ்டென்ட்டே சாட்சி.

ஸ்டென்ட் கடந்து வந்த பாதை

ஸ்டென்ட் சட்டத்தின் பார்வையில் ஒரு மருந்து. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 2005-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. உலோக வலைக்குழாய் ஒன்றை மருந்து என்று அழைப்பது விசித்திரமாகத் தோன்றலாம். அந்த ஒரு சொல்தான் பின்னாளில் விலைக் கட்டுப்பாட்டுக்கு வழி திறந்தது.

டெல்லியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த நிலையில், சுகாதார அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழு, ஸ்டென்ட்டுகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 2016-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அவை பட்டியலில் இடம்பெற்றன. அட்டவணையில் சேர டிசம்பர் ஆயிற்று. 2017 மார்ச் 1-ஆம் தேதிக்குள் விலையை நிர்ணயிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கெடு விதித்தது.

ஆணையம் நிறுவனங்களிடமிருந்து திரட்டிய விவரங்களைப் பொதுவெளியில் வைத்தபோது, விலை எங்கே ஏறுகிறது என்பது தெளிவாகியது. ஸ்டென்ட் தொழிற்சாலையிலிருந்து நோயாளியைச் சென்றடையும் வழியில் மருத்துவமனை நிலையில் மட்டும் அதிகபட்சமாக 654 விழுக்காடு வரை லாபம் வைக்கப்பட்டிருந்தது. கடைக்குச் சென்று விலை விசாரித்து வாங்கும் பொருள் அன்று ஸ்டென்ட். அறுவை அரங்கில் படுத்திருப்பவருக்குப் பேரம் பேசும் வாய்ப்பு இல்லை. எந்த வகை, எத்தனை என்பதை அவர் முடிவு செய்வதும் இல்லை.

இத்தகைய சந்தையில் வழக்கமான சராசரிச் சூத்திரத்தைக் கையாண்டால், ஊதிய விலையே அரசு முத்திரை பெற்றுவிடும். எனவே ஆணையம், விநியோகஸ்தருக்கான விலையை அடிப்படையாகக் கொண்டு, இடைநிலை லாபத்தை 8 விழுக்காடாக வரையறுத்து உச்சவரம்பை அறிவித்தது. தங்களது புதிய தலைமுறை ஸ்டென்ட்டுகளுக்குத் தனி வகைப்பாடும் தனி விலையும் வேண்டும் என்று பன்னாட்டு நிறுவனங்கள் கோரின. மேம்பட்ட தொழில்நுட்பத்துக்குக் கூடுதல் விலை கிடைக்காவிட்டால் அவை இந்தியாவுக்கே வராது என்பது அவற்றின் வாதம். மருந்து பூசப்பட்டவை அனைத்தும் ஒரே வகை என்ற நிலையில் அரசு உறுதியாக நின்றது. 2018-இல் விலை மறுஆய்வு செய்யப்பட்டபோதும் இந்த நிலை மாறவில்லை.

ஆணை வெளியான சில நாள்களிலேயே மருத்துவமனைகளில் ஸ்டென்ட் தட்டுப்பாடு ஏற்படுவதாகப் புகார்கள் வந்தன. உற்பத்தியும் விநியோகமும் தடைப்படக்கூடாது என்று மருந்துத் துறை தனது அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி உத்தரவிட்டது. அட்டவணையில் உள்ள மருந்தின் உற்பத்தியை ஒரு நிறுவனம் நிறுத்த விரும்பினால், குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது. விலையைக் குறைப்பது ஒரு நாள் வேலை. குறைந்த விலையில் பொருள் கிடைக்கச் செய்வது பல மாத வேலை.

பத்தொன்பதாம் பத்தி

2013-ஆம் ஆண்டு ஆணையின் 19-ஆம் பத்தி அளவில் சிறியது. ஆனால் அதைச் சுற்றியே பெரிய மோதல்கள் நடந்துள்ளன. அசாதாரணச் சூழ்நிலையில், பொதுநலன் கருதி, அட்டவணையில் இல்லாத மருந்துக்கும் விலை நிர்ணயிக்க அது வழி செய்கிறது.

2014 ஜூலையில் ஆணையம் இதனைப் பயன்படுத்தி, நீரிழிவு மற்றும் இதய நோய்க்கான, அட்டவணையில் இல்லாத 108 மருந்து வகைகளுக்கு விலை வரம்பு விதித்தது. மருந்து நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. இரண்டே மாதங்களில், மருந்துத் துறையின் அறிவுறுத்தலின் பேரில், அந்த நடவடிக்கைக்கு அடிப்படையாக இருந்த வழிகாட்டு நெறிகளை ஆணையம் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே விதித்த வரம்புகள் மட்டும் நீடித்தன. அவற்றை எதிர்த்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2016-இல் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொதுநலன் கருதிய அதிகாரம் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றபோதிலும், அதை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்ற எல்லையைத் துறையே வகுத்தது. கொள்கை எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு இந்த நிகழ்வைவிடத் தெளிவான விடை அரிது.

பின்னர் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும், 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கும், 2021 ஜூனில் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டிகளுக்கும் இதே பத்தி கைகொடுத்தது. புற்றுநோய் மருந்துகளைப் பொறுத்தவரை, ஆணையம் நேரடியாக விலையை நிர்ணயிக்கவில்லை. இடைநிலை லாபம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று மட்டுமே கூறியது.

அட்டவணைக்கு வெளியே உள்ள பிற மருந்துகளுக்கு உச்சவரம்பு விலை கிடையாது. அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை உயர்த்திக்கொள்ளலாம். காப்புரிமை பெற்ற புதிய மருந்துகளுக்கு, விற்பனைக்கு வந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள் வரை விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கும் திருத்தம் 2019 ஜனவரியில் கொண்டுவரப்பட்டது. அரிய நோய்க்கான மருந்துகளுக்கும் விலக்கு உண்டு.

விலை உயர்த்தப்படும் மருந்துகள்

ஆணையம் விலையைக் குறைக்க மட்டுமே இயங்குவதாக எண்ணுவது சரியன்று. அட்டவணை மருந்துகளின் உச்சவரம்பு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதி மொத்த விலைக் குறியீட்டெண்ணுக்கு ஏற்ப மாறுகிறது. 2022-இல் 10.77 விழுக்காடும், 2023-இல் 12.12 விழுக்காடும் உயர்ந்தது. 2024-இல் உயர்வு பெயரளவுக்குத்தான், 2025-இல் 1.74 விழுக்காடு. 2016-இல் குறியீட்டெண் சரிந்திருந்ததால் விலையும் குறைக்கப்பட்டது. இந்த ஆண்டு உயர்வுகளின் விளைவாக, 2018-இல் ரூ.27,890 ஆக இருந்த மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட்டின் உச்சவரம்பு 2025 ஏப்ரலில் ரூ.38,933 ஆயிற்று.

மலிவான பழைய மருந்துகளின் சிக்கல் வேறு வகையானது. மூலப்பொருள் விலை ஏறி, உச்சவரம்பு தடுத்து நிற்கும்போது, தயாரிப்பது கட்டுப்படியாகாமல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கடைசியில் மருந்தே கிடைப்பதில்லை. இதைத் தவிர்க்க 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் சில மருந்துகளின் விலை ஒரேயடியாக 50 விழுக்காடு உயர்த்தப்பட்டது. 2024 அக்டோபரில் மேலும் எட்டு மருந்துகளுக்கு அதே அளவு உயர்வு அளிக்கப்பட்டது. பென்சில் பெனிசிலின் ஊசி, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால், மனநலச் சிகிச்சையில் பயன்படும் லித்தியம், தலசீமியா நோயாளிகளுக்கான டெஸ்ஃபெரியாக்சமின் ஆகியவை அவற்றுள் அடங்கும். விலையைக் குறைக்கப் பயன்பட்ட அதே 19-ஆம் பத்திதான் இங்கு உயர்த்தவும் பயன்பட்டது.

உச்சவரம்பு என்பது வாங்கும் விலை அன்று என்பதையும் இங்கே கூற வேண்டும். 1994-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்புகள், ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலையில் மருந்துகளைப் பெறுகின்றன. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையின் கதை, டெல்லியில் எழுதப்படும் அட்டவணையைவிட இந்தக் கொள்முதல் அறையில்தான் பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது.

ஆணைக்கு எட்டாத இடம்

ஸ்டென்ட் விலை குறைந்தது. ஆஞ்சியோபிளாஸ்டிக்கான மொத்தக் கட்டணமும் அதே அளவில் குறைந்ததா? இல்லை என்பதே பலரின் அனுபவம். ஸ்டென்ட்டில் இழந்ததை வடிகுழாய், பலூன், அறுவை அரங்கக் கட்டணம் என்று வேறு வரிகளில் ஈடுசெய்ய இடமிருந்தது. இதை எதிர்பார்த்தே, ஸ்டென்ட்டின் விலை, வணிகப் பெயர், தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றை ரசீதில் தனியே குறிப்பிட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டிருந்தது. 2018 பிப்ரவரியில் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆய்வு செய்து அது வெளியிட்ட அறிக்கையில், சில பொருள்களுக்கு 1,737 விழுக்காடு வரை லாபம் வைக்கப்பட்டது தெரியவந்தது.

ஆனால் அறுவை அரங்கக் கட்டணத்தை அந்த ஆணையம் தொட முடியாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மருந்துகளும் விலைக் கட்டுப்பாடும் பொதுப் பட்டியலில் உள்ளன; பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. 2010-இல் நாடாளுமன்றம் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டமும், அதன் கீழ் 2012-இல் வகுக்கப்பட்ட விதிகளும், மத்திய அரசு மாநிலங்களுடன் கலந்து அவ்வப்போது தீர்மானிக்கும் கட்டண வரம்புக்குள்ளேயே மருத்துவமனைகள் வசூலிக்க வேண்டும் என்கின்றன. அச்சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. கட்டண வரம்பும் வகுக்கப்படாமலே ஆண்டுகள் கடந்தன. 2024 பிப்ரவரியில் இவ்விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, மாநிலங்களுடன் கூட்டம் நடத்தி முடிவு காணுமாறு அறிவுறுத்திய நீதிபதிகள், தவறினால் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் கட்டணங்களையே இடைக்கால ஏற்பாடாக விதிப்பது குறித்துப் பரிசீலிக்க நேரிடும் என்று எச்சரித்தனர்.

விலை ஆணைகளின் வரைவுக் கணக்கீடுகளை ஆணையம் தனது இணையதளத்தில் வெளியிட்டு, பத்து நாள்கள் கருத்துக் கேட்கிறது. அதன் கூட்டக் குறிப்புகளும் அங்கே கிடைக்கின்றன. அதிக விலை வசூலித்த நிறுவனத்திடமிருந்து கூடுதல் தொகையை வட்டியுடன் மீட்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. எனினும் பெருந்தொகைக்கான கோரிக்கைகள் பல நீதிமன்றங்களில் வழக்குகளாக நிற்கின்றன. ஒரு மருந்தின் உச்சவரம்பு விலையை அறிய விரும்புவோர், ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் மருந்தின் பெயரைப் பதிவிட்டுப் பார்க்கலாம். ரசீதில் உள்ள விலை அதைவிட அதிகமாக இருந்தால் ஆணையத்திடம் புகார் அளிக்கலாம்.